வடக்கு ராஜ வீதியின் சேற்றுக் கடல்

செய்தி வந்தபோது நான் என் கடையில் ஒரு தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு அடிமணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். மேசைமேல் செல்போன் அதிர்ந்தது. ஈரக் கையோடு எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். பேசியது வெண்ணிலா, எதிர்க்கடை தனலெட்சுமி அக்காவின் மகள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "நீங்க கடையத் தொறந்து தொட்டிக்கு நல்ல தண்ணி ஊத்திட்டு அப்பறமா வீட்டுக்கு வாங்க. நேத்தே சொல்லிட்டாங்க. ஊத்தாம வந்தா அவர உள்ள விடாதன்னு சொன்னாங்க." அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

சொன்னபடியே செய்தேன். சாலையைக் கடந்து போய் அக்காவின் கடையைத் திறந்து, வெயிலில் ஆவியாகிக் குறைந்திருந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, பூட்டிவிட்டுத்தான் சாவு வீட்டுக்குக் கிளம்பினேன். பக்கத்துப் பலகாரக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னிக்குமா?" என்றார். "இன்னிக்கும்தான்" என்றேன்.

வீதி வியாபாரிகள் சேர்ந்து நடத்திய இரங்கல் கூட்டத்துக்கு, இதைப் படிக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அங்கே ஒருவர் நல்ல மனதோடுதான் பேசினார். "கெட்டிக்காரப் பெண்மணி. பாவம், ஒரு கண்ணாடிப் பெட்டியில சேத்த அள்ளிப் போட்டு, அதையே கட்டிக்கிட்டு அழுது, ஒடம்பையும் கெடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். பலர் தலையாட்டினார்கள். நான் எழுந்து போய் மைக்கை வாங்கி, "பாவம்னு சொல்லாதீங்க" என்றேன். அதற்கு மேல் கோவையாகப் பேச வரவில்லை. கோபத்தில் வார்த்தை முட்டிக்கொண்டது. அங்கே அரைகுறையாக நின்றதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதில் கெட்டிக்காரர் என்பது மட்டும் உண்மை. மற்றதெல்லாம் தப்பு.

தனலெட்சுமி அக்கா வல்லத்திராக்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் கண்ணாடி, அலுமினிய வேலைக்காரர். அவர் மாரடைப்பில் போனபின், பட்டறையில் மிஞ்சிக் கிடந்த கண்ணாடிகளை வெட்டி ஒட்டி அக்கா மீன் தொட்டி செய்து விற்கத் தொடங்கினார். முதலில் எனக்கே விற்றார். என் வண்ணமீன் கடைக்கு நல்ல தொட்டிகள் அவரிடமிருந்துதான் வந்தன. பிறகொரு நாள் என் கடைக்கு நேர் எதிரே பலகை மாட்டி, தொட்டியோடு மீனும் விற்க ஆரம்பித்தார். நான் போய், "என்னக்கா, நேர் எதிர்லயே வைக்கிறீங்களே" என்று கேட்டேன். "பக்கத்துல எடம் கெடைக்கல தம்பி. கெடைச்சிருந்தா பக்கத்துலயே வச்சிருப்பேன்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அன்றிலிருந்து நாங்கள் போட்டிக்காரர்கள். அவர் கடையில் கூட்டம் நின்றால் எனக்கு வயிறு எரியும். என் கடையில் நின்றால் அவர் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளிப்படையாகவே எண்ணுவார்.

இப்படி இருக்கும்போதுதான் பைபாஸ் பக்கம் புதிதாக ஓர் ஓட்டல் கட்டினார்கள். அதன் முதலாளி முதலில் என் கடைக்குத்தான் வந்தார். வரவேற்பறையில் ஒரு பெரிய தொட்டி வேண்டும், பாதி கடல், பாதி கரை, உப்புத் தண்ணீரும் மண்ணும் செடியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். வெளிநாட்டில் எங்கோ பார்த்திருக்கிறார். நான் மறுத்துவிட்டேன். நல்ல தண்ணீரில் மீன் வளர்ப்பதே இந்த வெயிலில் பாடு. உப்புத் தண்ணீர் என்றால் விளக்கு, மோட்டார், குழாய் எல்லாவற்றையும் அது தின்றுவிடும். அதில் செடியும் வளரணும் என்றால் நடக்கிற காரியமா? அவர் நேரே சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்தார். கால் மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போய், "அக்கா, உப்புத் தண்ணி நம்ம ஊர்ல நிக்காது" என்றேன்.

"நிக்காதுன்னு பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"கேட்டதுதான்."

"அப்ப நான் பாத்துட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வாரம் மீமிசல் பக்கம் கடற்கரைக்குப் புறப்பட்டார். என்னையும் கூப்பிட்டார். எதிராளி என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ளலாமே என்ற எண்ணத்தில்தான் போனேன். ஆவுடையார்கோவில் தாண்டி இறங்கி நடந்தோம். அலை இல்லாத கடல். தண்ணீர் வற்றிப் பின்வாங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறச் சேறு. ஓரத்தில் அலையாத்திச் செடிகள் கூட்டமாக நின்றன. அவற்றைச் சுற்றிச் சேற்றைக் குத்திக்கொண்டு ஆணி ஆணியாக வேர்கள் மேலே எழும்பியிருந்தன. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால்வரை சேற்றில் இறங்கி நின்றுவிட்டார். அவர் முன்னால் விரல் நீள மீன் ஒன்று தண்ணீரே இல்லாத இடத்தில், முன்துடுப்புகளைக் கை போல ஊன்றி நடந்து வந்தது. நின்றது. உச்சந்தலையில் இருந்த இரண்டு கண்களையும் உருட்டி அவரைப் பார்த்தது. ஒரு தாவு தாவி வளைக்குள் போய்விட்டது. பக்கத்தில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

அங்கே நண்டு பிடித்துக்கொண்டிருந்த ராக்கம்மா என்ற பெண்ணிடம் அக்கா இந்த மீனும் நண்டும் கொஞ்சம் வேண்டும் என்றார். ராக்கம்மா நிமிர்ந்து பார்த்தார். "இத எதுக்குத் தாயி புடிக்கிற? திங்கவும் ஆகாது, விக்கவும் ஆகாது."

"பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கா!" அந்தப் பெண் சேற்றில் உட்காராத குறையாகச் சிரித்தார். சிரித்து முடித்தபின் பிடித்தும் கொடுத்தார்.

அலையாத்திக் காட்டுக்குள் செடியைத் தொடக்கூடாது என்பது அக்காவுக்குத் தெரியும். வனக் காவலரைத் தேடிப் போய்க் கேட்டு, அவர் காட்டிய வாய்க்கால் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த விதைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டார். திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீரோடு பேருந்தில் ஏறினோம். கண்டக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா கொண்டு போறீங்க கடல?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார். நான் அக்காவிடம் சொன்னேன்: "ஓட்டல்காரர் நீலக் கடல் கேட்டாரு. பவளப் பாறை, கலர் மீனு, அந்த மாதிரி." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னார். "நம்ம ஜில்லாவுல நீலக் கடல் எங்கிட்டு இருக்கு தம்பி? சேத்துக் கடல்தான் இருக்கு. இருக்கறத வைப்போம்."

அந்தத் தொட்டியை அவர் கட்டியதை முழுக்கச் சொல்ல இடம் போதாது. தடித்த கண்ணாடியில் ஆள் நீளத்துக்கு ஒரு தொட்டி. அதற்குக் கீழே மரப்பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு தொட்டி. கீழே இருந்து மோட்டார் மெதுவாகத் தண்ணீரை மேலே ஏற்றும். சேறு முழுகும். பிறகு சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் மெதுவாக இறங்கும். சேறு வெளியே வரும். ஏற்றம், வற்றம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. முதலில் சேற்றை அப்படியே குவித்துக் கரை கட்டினார். முதல் ஏற்றத்திலேயே அது கரைந்து சரிந்துவிட்டது. மறுபடி அள்ளிக் குவித்தார். சரியவில்லை, ஆனால் உள்ளே கறுத்து அழுகின முட்டை மாதிரி நாறியது. வீதியே மூக்கைப் பொத்தியது. மூன்றாவது தடவை, உள்ளே கண்ணாடியைப் படிக்கட்டு மாதிரி ஒட்டி, அடியில் பருமணல், மேலே மெல்லிசாகச் சேறு என்று வைத்தார். நண்டுகளை முதலில் விட்டார். அவை வளை தோண்டத் தோண்டச் சேற்றுக்குள் காற்று போனது. நாற்றம் நின்றது.

பிறகு நண்டுகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. காரணம் தெரியாமல் பல நாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு காலையில் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி! தண்ணிதான ஆவியாகுது, உப்பு ஆவியாகலைல்ல? நான் குறையக் குறையக் கடத்தண்ணிய ஊத்திக்கிட்டிருந்தேன். உப்பு மேல உப்பு." அன்றிலிருந்து மேலே ஊற்றுவது நல்ல தண்ணீர் மட்டும். அன்று அவர் செய்த இன்னொரு காரியத்தைத்தான் நான் மறக்க முடியாது. கடை வாசலில் விலை எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, "நண்டுகள் இறந்துவிட்டன. தப்பு என்னுடையது. தொட்டி நிற்கும்" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். எந்தக் கடைக்காரர் அப்படி எழுதுவார்? போகிறவர்கள் படித்துச் சிரித்தார்கள். படிக்கட்டும் என்று நாள் முழுக்க அழிக்காமல் விட்டிருந்தார்.

ஏற்றத்தையும் வற்றத்தையும் தன் வசதிக்கு வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. கடலில் தண்ணீர் ஏறும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும் என்று ராக்கம்மா சொல்லியிருந்தார். அதனால் காலையில் ராக்கம்மாவுக்குப் போன் போடுவார். "ஏறுதா, எறங்குதா?" என்பார். "ஏறுது தாயி" என்று பதில் வரும். அக்கா அதற்குத் தக்கபடி மோட்டாரைத் திருப்பி வைப்பார். மீமிசலில் சேறு முழுகும்போது வடக்கு ராஜ வீதியிலும் சேறு முழுகும். இதைப் பைத்தியம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கடை திறந்ததும் முதல் வேலையாக எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்து, இன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

ஒரு நாள் பலகாரக் கடையிலிருந்து அலறல். "அக்கா! ஒங்க நண்டு என் லட்டுத் தட்டுல உக்காந்திருக்கு!" மீமிசலிலிருந்து மறுபடி கொண்டுவந்து விட்ட நண்டுகளில் ஒன்று, மூடி சரியாகப் பொருந்தாமல் தப்பிவிட்டது. அக்கா வேகமாகப் போய் நண்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, "அது எந்த லட்டுல உக்காந்துச்சு? அதையும் குடுங்க. நான் வாங்கிக்கிறேன்" என்றார். வாங்கிய லட்டை அங்கேயே நின்று தின்றுவிட்டுத்தான் வந்தார்.

விதைகள் முளைத்து இரண்டிரண்டு இலை விட்டபோது ஓட்டல் முதலாளி பார்க்க வந்தார். அது தண்ணீர் வற்றும் நேரம். சேறு பளபளவென்று வெளியே கிடந்தது. மீன்கள் கரையேறி உட்கார்ந்திருந்தன. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, சாக்கடை மாதிரி இருக்கு?"

"நம்ம கடக்கரைங்க. ஆவுடையார்கோவில் தாண்டுனா இதுதான்."

"அது அங்கிட்டு இருக்கட்டும்மா. வாரவங்க போட்டோ எடுக்கணும்ல. இந்தச் சேத்த எடுத்துட்டு வெள்ள மணல் போடுங்க. பிளாஸ்டிக் பவளம் கெடைக்குதே, நீல லைட்டு ஒண்ணு, சின்னதா ஒரு அருவி..."

"அதுல இந்த மீனு சாகும்."

"வேற மீனு விடுங்க."

நான் என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆர்டரை நம்பி அக்கா மற்ற வேலைகளைத் தள்ளி வைத்திருந்தது எனக்குத் தெரியும். அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "சார், ஒங்களுக்கு இது சாக்கடையாத் தெரிஞ்சா தப்பு தொட்டியில இல்ல. நான் இத மாத்த மாட்டேன். நீங்க கெளம்புங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. முதலாளி போனதும், கண்ணாடியை ஒட்டி அழகாக அடுக்கியிருந்த தங்கமீன் தொட்டிகளைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்தச் சேற்றுத் தொட்டியை வீதியைப் பார்த்தபடி கடை முகப்பிலேயே வைத்தார். காலை வெயில் அங்கேதான் விழும், செடிக்கு நல்லது என்று காரணம் சொன்னார். காரணம் அது மட்டுமில்லை என்று வீதிக்கே தெரியும்.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். "ஊரெல்லாம் சிரிக்குது தனம். சேத்தப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. ஒனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சத்தம் போட்டார். அக்கா கேட்டார்: "நம்ம வயல்ல நீங்க வருஷா வருஷம் எறங்கி நிக்கிறீங்களே, அது என்ன சந்தனமா?" அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் அந்த மீன்களையே பார்த்தார். எழும்போது, "இதுக என்ன திங்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நோய் வந்தது அதற்கப்புறம். புற்றுநோய் என்று திருச்சியில் சொன்னார்கள். இங்கேதான் அந்தக் கூட்டத்தில் பேசியவரோடு எனக்குச் சண்டை. தொட்டியால் உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்றாரே, கேளுங்கள். மருந்து ஏற்றத் தொடங்கிய அன்றே டாக்டர் விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: மருந்தில் எதிர்ப்புச் சக்தி குறையும், மீன் தொட்டித் தண்ணீரில் கையை விடக்கூடாது, அதுவும் கடல் தண்ணீர் ஆகவே ஆகாது. அக்கா கேட்டாராம், "கைதான டாக்டர்? கண்ணு படலாம்ல?" டாக்டர் சிரித்து, தள்ளி உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொன்னாராம். அன்றைக்குப் பிறகு கடைசி வரை அந்தத் தண்ணீரில் அவர் ஒரு விரல் நுனிகூட வைக்கவில்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால் கை என்னுடையது.

திருச்சியிலிருந்து திரும்பிய அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோவை என் கடை வாசலில் நிறுத்தி இறங்கினார். அத்தனை ஆண்டுகளில் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. விவரத்தைச் சொல்லிவிட்டு, "தம்பி, ஒங்க கை ரெண்டும் எனக்கு வேணும்" என்றார்.

நிலைமையை லேசாக்கலாம் என்று, "எதிர்க்கடைக்காரன நம்புறீங்களாக்கா?" என்றேன்.

"ஒங்கள நம்பல. கையத்தான் நம்புறேன். மீனு வளக்கத் தெரிஞ்ச கை."

அப்புறம் நடந்ததை வீதி முழுக்கப் பார்த்தது. நான் காலையில் என் கடையைத் திறந்து வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போவேன். அக்கா தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணுவார். "இங்கிட்டு இல்ல, அங்கிட்டு. அந்த எலைய எடுங்க. வேரத் தொடாதீங்க. தொடாதீங்கன்னு சொன்னேன்ல!" தலைமுடி கொட்டிவிட்டது. அண்ணன் வீட்டிலிருந்து தலையில் கட்டிக்கொள்ள நல்ல துணியாக வாங்கி அனுப்பினார்கள். அதைக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டார். மொட்டைத் தலையோடு கடை முகப்பில் உட்காருவார். "கொட்டுன முடிக்கு நான் ஏன் வெக்கப்படணும்?" என்பார். பழமும் கையுமாக வந்து முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பவர்களிடம், "அழுகணும்னா வெளிய போயி அழுதுட்டு வாங்க. மீனு பயப்படுது" என்பார். சென்னையில் வேலை பார்த்த வெண்ணிலா, கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அழுதாள். "நோவு என் ஒடம்புல இருக்கு. கடைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். மகள் விடுப்புப் போட்டுவிட்டு இங்கே வந்து இருக்கும்படி ஆனது.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு புயல் அடித்தது. மின்கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அவருடைய இன்வெர்ட்டர் முதல் நாளோடு முடிந்தது. மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் எல்லாம் கீழே இறங்கிவிட்டது. சேறு வெறுமனே கிடந்தது. நான் பயந்துபோய்ப் போன் செய்தேன். "அக்கா, மீனையெல்லாம் புடிச்சு வேற தொட்டியில போட்டுறவா?" அவர் குரல் பலவீனமாக வந்தது. வார்த்தையில் பலவீனம் இல்லை. "எங்கயும் தூக்காதீங்க. அதுக கரையில இருக்கத் தெரிஞ்சதுக. கீழ இருக்கற தண்ணிய வாளியில எடுத்து மேல ஊத்துங்க. அதுவா எறங்கும். மறுபடி ஊத்துங்க." சரி என்றேன். "ராக்கம்மாகிட்டக் கேட்டுட்டு ஊத்துங்க" என்றார். அந்த நேரத்திலும்! ராக்கம்மா குடிசைக் கூரை போய்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். போன் கிடைத்தபோது, "எங்க கூர போச்சு, ஒங்க மீனு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் ஏறுகிற நேரத்தைச் சொன்னார். நான் வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினேன். மின்சாரம் வரும்வரை அந்தக் கடலுக்கு ஏற்றம் நான்தான். தோள் கழன்றுவிட்டது. ஒரு மீன்கூடச் சாகவில்லை. என் கடையில் காற்று இல்லாமல் தங்கமீன்கள் போனதைப் பற்றிப் பிறகுதான் நினைத்தேன்.

கடைசி மருந்துக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. போதும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் படுத்திருந்தவர் ஒரு நாள், கடைக்குக் கூட்டிப்போ என்று வெண்ணிலாவைக் கட்டாயப்படுத்தி ஆட்டோவில் வந்தார். பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அலையாத்தி ஒரு முழ உயரம் வந்திருந்தது. அக்கா கண்ணாடியைத் தொடாமல் குனிந்து பார்த்தவர், "தம்பி, இங்க வாங்க" என்றார். சேற்றைக் குத்திக்கொண்டு, ஊசி முனை மாதிரி மூன்று நாலு இடத்தில் ஏதோ எழும்பியிருந்தது. மீமிசலில் பார்த்த அதே வேர். நான் தினமும் கையை விடுகிறவன், கவனிக்கவில்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். வெண்ணிலாவும் அப்படித்தான் நினைத்து அவர் முதுகில் கை வைத்தாள். அக்கா நிமிர்ந்தார். "ஒரு போட்டோ எடுங்க. அந்த ஓட்டல்காரருக்கு அனுப்புங்க."

"எதுக்குக்கா?"

"சாக்கடையில ஆணி மொளைச்சிருக்குன்னு எழுதுங்க."

எடுத்தேன். எழுதினேன். அனுப்பினேன். பதில் வரவில்லை. அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. அந்த மாதத்துக்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்தபின் ஓட்டல் முதலாளியே கடைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். போட்டோவைப் பார்த்ததாகவும், அம்மாவை நினைத்து வருத்தப்பட்டதாகவும் சொன்னார். "இந்தத் தொட்டிய எங்க வரவேற்பறையில வைக்கிறேன். அம்மா பேரப் போட்டு ஒரு பலகையும் வச்சுர்றேன். பெரிய எடம், ஏசி, நாலு பேரு பாப்பாங்க" என்றார். வெண்ணிலா என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சென்னைக்குத் திரும்ப வேண்டும். தொட்டியை என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் அதுவரை பேசிக்கொள்ளவே இல்லை. அவர் மேலே சொன்னார்: "அந்தச் சேத்த மட்டும் எடுத்துட்டு..."

நான் முப்பது வருடமாக வியாபாரம் செய்கிறவன். வந்தவர் முகம் கோணக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. பிடிக்காததைக் கேட்டாலும், "பாப்போங்க, செய்வோங்க" என்றுதான் வாயில் வரும். அன்று வரவில்லை.

"முடியாதுங்க" என்றேன்.

"ஏன்?"

"ஏசியில இந்தச் செடி நிக்காது. சேறு இல்லாட்டி இது தொட்டியே இல்ல. காரணம் அவ்வளவுதான். இன்னும் வேணும்னா நாற்காலி போடுறேன், ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. தண்ணி இப்பத்தான் எறங்குது."

அவர் உட்காரவில்லை. கிளம்பிவிட்டார். வெண்ணிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமா, கடை வாடகைய நான் பாத்துக்கிறேன். தொட்டிய நீங்க பாத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்காவிட்டாலும் பார்த்திருப்பேன்.

ஆகவே நண்பர்களே, அவர் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கடலே இல்லாத வீதியில், யாரும் திரும்பிப் பார்க்காத நம் சொந்தக் கரையை, அதன் நிறம் மாறாமல், நேரம் மாறாமல் கொண்டுவந்து நிறுத்தினார். நோய் அவரைக் கொன்றது, ஜெயிக்கவில்லை. அவர் ஆன்மா சாந்தியடையட்டும் என்று எழுதி முடிப்பது வழக்கம். நான் எழுத மாட்டேன். சாந்தமாக இருக்கச் சொன்னால் அவர் எங்கே இருந்தாலும் எழுந்து வந்து சண்டைக்கு நிற்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், தொட்டி இல்லை. அது வெண்ணிலாவுடையது. வீதி பார்க்க, குரலை உயர்த்தாமல், "முடியாது" என்று சொல்ல எனக்கு இந்த வயதில் வந்திருக்கிறது. சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடவும் முடிகிறது. இது எனக்குப் பிறவியில் கிடைத்ததில்லை, எதிர்க்கடையிலிருந்து எடுத்துக்கொண்டது. திருப்பித் தருவதாக இல்லை.